இரகசிய வருகை, ஏழு வருஷ உபத்திரவம், 666: டெல்டா சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் ஒரே குடும்பத்துக்குள் மூன்று சபைகள் இருப்பது சாதாரணம். அப்பா வழி தரங்கம்பாடி லுத்தரன், அம்மா பிறந்த வீடு ஆர்.சி., சித்தி கல்யாணத்துக்கு அப்புறம் பெந்தெகொஸ்தே. கிறிஸ்துமஸ் பிரியாணி வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. சாப்பிட்டுக் கைகழுவியதும் யாராவது “இயேசுவின் இரண்டாம் வருகை சமீபம்” என்று ஆரம்பிப்பார்கள், அப்போதுதான் வாக்குவாதம் தொடங்கும். மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்தில் ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் துக்க வீட்டிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் லுத்தரன் சபைக்காரன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

இரகசிய வருகை என்கிறார்களே, அது என்ன?

பெந்தெகொஸ்தே சபைகளும் பிரதரன் சபைகளும் பெரும்பாலும் போதிக்கிற வரிசை இது. இயேசு திடீரென்று மத்திய ஆகாயம் வரைக்கும் வருவார். அவருக்குள் மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், உயிரோடு இருக்கும் விசுவாசிகள் மறுரூபமாகி மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். உலகத்தின் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார், ஆட்கள் காணாமல் போனது மட்டும்தான் தெரியும். அப்புறம் பூமியில் ஏழு வருஷ உபத்திரவம், கிறிஸ்துவுக்கு எதிராளியான அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. அது முடிந்ததும் இயேசு எல்லோரும் பார்க்கப் பகிரங்கமாக வந்து எருசலேமிலிருந்து ஆயிரம் வருஷம் அரசாளுவார். கடைசியில் வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு, புதிய வானம், புதிய பூமி.

இதை நம்புகிறவர்களைக் கேலி செய்கிற பழக்கம் பழைய சபைக்காரர்களுக்கு உண்டு. வேண்டாம். என் சொந்தத்தில் இதை நம்பிக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேதத்தில் எங்கே இருக்கிறது?

முக்கியமான பகுதி, அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்), 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரை. “கர்த்தர் தாமே ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் வானத்திலிருந்து இறங்கிவருவார்” என்று சொல்லிவிட்டு, மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், பின்பு உயிரோடிருக்கும் நாமும் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிறார் பவுல். 1 கொரிந்தியர் 15, யோவான் 14 ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டுவார்கள். ஆனால் எடுத்துக்கொள்ளப்படுவதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது இந்தத் தெசலோனிக்கேயப் பகுதிதான்.

பவுல் இதை எழுதியது கி.பி. 50ஐ ஒட்டி. தெசலோனிக்கே இன்றைய கிரேக்க நாட்டில் இருக்கும் துறைமுக நகரம். அங்கே சபை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே சில விசுவாசிகள் இறந்துவிட்டார்கள். இயேசு வருவதற்குள் இவர்கள் போய்விட்டார்களே, அந்த நாளில் இவர்களுக்குப் பங்கு இல்லையோ என்று மற்றவர்களுக்குக் கவலை. அந்தக் கவலைக்குப் பதில்தான் இந்த வசனங்கள். “ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்று 18ஆம் வசனம் முடிகிறது. கன்வென்ஷன் பந்தல்களில் 17ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டு “நீ ஆயத்தமா?” என்று மைக்கில் கத்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு வசனம் கூடுதலாகப் படித்தால் கத்த வேண்டியிருக்காது.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் சாவு விழுந்தால் கல்லறைக் குழி வெட்டுவதே பெரும்பாடு. இரண்டடி, மூன்றடியிலேயே தண்ணீர் ஊறும். கல்லறைத் தோட்டம் வாய்க்கால் கரையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐயர் (எங்கள் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம்) அங்கியோடு குடைக்குள் நிற்பார், இரண்டு பையன்கள் குழிக்குள் இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். பெட்டியை இறக்கியதும் அது ஒருபக்கம் மிதக்கப் பார்க்கும், மண்ணை அவசரமாகத் தள்ளுவார்கள். அந்த இடத்தில் “கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்” என்று வாசிக்கக் கேட்டவர்களுக்கு, இந்த வசனம் யாருக்காக எழுதப்பட்டது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வருகை இரகசியமா, பகிரங்கமா?

ஆரவாரம், தூதன் சத்தம், எக்காளம் மூன்றும் இருக்கிற இடத்தில் இரகசியத்துக்கு இடம் ஏது என்பது பழைய சபைகளின் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான். “இரவிலே திருடன் வருகிறவிதமாய்” என்ற அடுத்த அதிகாரத்து வசனத்தைக் காட்டி இரகசியம் என்பார்கள். அது எதிர்பாராத வேளையைப் பற்றியது. சத்தமில்லாமல் வருவதைப் பற்றி அங்கே பேச்சு இல்லை.

“கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக” என்று பவுல் சொல்வதற்குப் பின்னால் அக்காலத்து வழக்கம் ஒன்று இருப்பதாக வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ரோம சாம்ராஜ்யத்தில் பேரரசரோ பெரிய அதிகாரியோ ஒரு நகரத்துக்கு வந்தால் ஊரார் வெளியே போய் வரவேற்று உள்ளே அழைத்து வருவார்கள். பிஷப் வரும்போது நாம் ஊர் எல்லையில் மேளத்தோடு காத்திருந்து, மாலை போட்டு, கூடவே கோயில் வரைக்கும் நடப்பது மாதிரி. அப்போஸ்தலர் 28:15இல் ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலை எதிர்கொள்ள அப்பியுபுரம் வரைக்கும் வந்து, அவரோடு ரோமாவுக்கே திரும்புகிறார்கள். இப்படிப் படித்தால் விசுவாசிகள் மேலே போவது தப்பி ஓடுவதற்காக இல்லை, வருகிறவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்காக. பெந்தெகொஸ்தே போதகர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவர் பூமிக்குத் திரும்புகிறார் என்று அந்த வசனத்தில் இல்லையே என்பார்கள். அதுவும் சரிதான், இல்லை.

இந்த இரண்டு கட்ட வருகைப் போதனை எப்போது வந்தது?

இயேசு திரும்ப வருவார் என்பது ஆரம்ப காலத்திலிருந்தே எல்லா சபைகளின் விசுவாசம். முதலில் சபைக்காக, ஏழு வருஷம் கழித்து உலகத்துக்காக என்று வருகையை இரண்டாகப் பிரித்து முறைப்படுத்தியவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, பிரதரன் இயக்கத்தில் சேர்ந்தவர். காலம் 1830கள். அமெரிக்காவில் 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் வசனத்துக்குக் கீழேயே இந்த விளக்கத்தை அச்சிட்டது. படிக்கிறவர்களில் பலருக்கு வசனம் எது, அடிக்குறிப்பு எது என்ற கோடு அழிந்துபோனது. பிரதரன், பெந்தெகொஸ்தே ஊழியர்கள் வழியாக அது தமிழ்நாட்டுக்கும் வந்தது.

சமீபத்தில் வந்தது என்பதாலேயே தப்பு என்று சொல்ல முடியாது. லுத்தரின் போதனையையும் 1517இல் அப்படித்தான் சொன்னார்கள். “சோதனைகாலத்துக்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்” என்று வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 3:10, இரண்டு கட்ட வருகையை நம்புகிறவர்களின் வலுவான வசனம். அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

ஏழு வருஷம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களிலிருந்து. ஒரு வாரத்தை ஏழு வருஷமாக எடுத்தால் 490 வருஷம். 69 வாரங்கள் மேசியாவோடு முடிந்தன, நடுவில் சபையின் காலம் ஓர் இடைவெளி, மிச்சமிருக்கிற ஒரு வாரம்தான் உபத்திரவ காலம் என்பது கணக்கு. வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதம், 1260 நாள் என்று மூன்றரை வருஷம் பலமுறை வருகிறது. ஏழு வருஷம் என்று அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் இல்லை. விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவது உபத்திரவத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்று இதற்குள்ளேயே மூன்று கட்சிகள் உண்டு.

லுத்தரன், சி.எஸ்.ஐ., ஆர்.சி. சபைகள் என்னதான் நம்புகின்றன?

ஒரே வருகை, ஒரே உயிர்த்தெழுதல், ஒரே நியாயத்தீர்ப்பு. “உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்” என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வதுதான். “எங்கள் கோயிலில் வருகையைப் பற்றிப் பிரசங்கமே இல்லை” என்று புகார் சொல்கிறவர்கள் அதை வாயால் சொல்லிக்கொண்டே மனதால் வேறெங்கோ இருந்திருக்கிறார்கள். ஆனால் பிரசங்கம் குறைவு என்பது உண்மை. அந்த வெற்றிடத்தைத்தான் யூட்யூப் நிரப்புகிறது.

ஆயிர வருஷ அரசாட்சியை இந்தச் சபைகள் பூமியில் வரப்போகும் அரசாங்கமாகப் பார்ப்பதில்லை. கிறிஸ்து இப்போதே அரசாளுகிற சபையின் காலம்தான் அது என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா அகுஸ்தீன் விளக்கினார். லுத்தரன் சபைகளின் 1530ஆம் வருஷத்து அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன்னே நீதிமான்கள் உலக ராஜ்யத்தைப் பிடிப்பார்கள் என்பதை 17ஆம் பிரிவில் மறுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதை மறுக்கிறது. கூடவே வருகைக்கு முன் திருச்சபை ஒரு கடைசிச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது முன்கூட்டியே தூக்கிக்கொண்டு போவது கிடையாது.

“இரண்டுபேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்” என்று இயேசுவே சொன்னாரே?

மத்தேயு 24:40. நடவு வயலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்கிற வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். நோவாவின் காலத்தில் “ஜலப்பிரளயம் வந்து அனைவரையும் வாரிக்கொண்டுபோகுமட்டும்” அவர்கள் உணராதிருந்தார்கள். அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் அழிந்தவர்கள், மிஞ்சியவர் நோவா. அப்படியென்றால் வயலில் மிச்சமாக நிற்கிறவன்தான் பிழைத்தவன் என்றும் படிக்கலாம். இரண்டு விதமாகவும் படிக்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். சினிமாவும் போஸ்டரும் ஒரு விதத்தைத்தான் காட்டுகின்றன.

சுனாமி, கஜா, கொரோனா எல்லாம் கடைசி கால அடையாளம்தானே?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலை ஆராதனை நேரம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களும் அதில் உண்டு. அடுத்த வாரமே துண்டுப்பிரசுரங்கள் வந்தன. கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோதும் வந்தன. கொரோனாவில் அது வாட்ஸ்அப்புக்கு மாறியது.

பஞ்சம், கொள்ளைநோய், பூமியதிர்ச்சி வரும் என்று மத்தேயு 24இல் இயேசு சொன்னது உண்மை. அதோடு “முடிவு உடனே வராது” என்றும், இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்றும் சொன்னார். கலங்காதிருக்கச் சொல்லும் பகுதியை எடுத்துக் கலங்கடிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

இதைவிட மோசமானது, “அவர்கள் பாவத்துக்குத்தான் கடல் வந்தது” என்ற பேச்சு. அக்கரைப்பேட்டை, தரங்கம்பாடி மீனவத் தெருக்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் காதில் விழும்படியே சொன்னவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13இல் இயேசு கேட்ட கேள்வி இவர்களுக்கு நல்ல பதில்: எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள்தான் குற்றவாளிகளா? அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார்.

கடலில் போனவர்களின் உடல் கிடைக்கவே இல்லை. கல்லறை இல்லாதவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்படித்துப் பூ வைக்கும்போது, வைக்க இடமில்லாமல் நிற்கிற குடும்பங்கள் கடற்கரையில் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 20:13: “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.” அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் கடலைத்தான் முதலில் சொல்கிறார், மரணமும் பாதாளமும் அதற்கு அப்புறம். எரிக்கப்பட்டவர்களுக்கும் இதே பதில்தான். உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பது உயிர்த்தெழுதலுக்குத் தடை என்று எந்தப் பெரிய சபையும் போதிப்பதில்லை.

புதிய பூமியில் “சமுத்திரமும் இல்லாமற்போயிற்று” என்று இருக்கிறதே. அப்போ மீனவர்களுக்கு அங்கே என்ன வேலை?

தரங்கம்பாடியில் கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். பொருத்தமான ஊர்தான். ஜெர்மன் லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த கோயிலுக்கு அங்கே புதிய எருசலேம் என்றுதான் பெயர், வெளிப்படுத்தின விசேஷம் 21இல் வருகிற நகரத்தின் பெயர். கோயிலிலிருந்து கடல் கூப்பிடு தூரம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் கடல் என்பது மிருகம் எழும்பி வருகிற இடம் (13:1). அது இல்லாமற்போயிற்று என்றால் மிரட்டுகிறது போயிற்று என்று பொருள் கொள்வார்கள். 2004ஐப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வேலை வேண்டும் என்கிறவர்கள் எசேக்கியேல் 47ஐப் படிக்கலாம். தேவாலயத்திலிருந்து புறப்படுகிற ஆறு சவக்கடலில் பாய்ந்து தண்ணீர் ஆரோக்கியமாகி, கரையெல்லாம் மீன்பிடிக்கிறவர்கள் நின்று வலை விரிக்கிறார்கள். பக்கத்துச் சதுப்பு மட்டும் உப்புக்கு என்று விடப்படுகிறது. வேதாரண்யம் உப்பளக்காரர்களுக்கும் பங்கு வைத்திருக்கிறார் தீர்க்கதரிசி. விவசாயிகளுக்கு வெளிப்படுத்தின விசேஷம் 22இன் ஜீவ நதி. ஜூன் 12க்குக் காத்திருக்க வேண்டாம், மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்க வேண்டாம்.

ஆதார் எண் 666 முத்திரையா? தடுப்பூசி?

இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் 13இல் 666 என்பது கடலிலிருந்து எழும்பும் அந்த மிருகத்தின் எண், அதன் முத்திரை மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தது. தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்ளும் அட்டையைப் பற்றி யோவான் பேசவில்லை. நீரோ என்ற ரோமப் பேரரசனின் பெயரையும் பட்டத்தையும் எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 616 என்று இருக்கிறது, அதுவும் அதே பெயரின் லத்தீன் வடிவத்துக்குப் பொருந்துகிறது. முதல் நூற்றாண்டு வாசகர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்திருக்கும் என்பது பல அறிஞர்களின் முடிவு.

ஆதாரில் குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு இருக்கிறது. ஆயுள் முழுக்க நாற்றுப் பறித்து ரேகை தேய்ந்துபோன பாட்டி ரேஷன் கடை மெஷினில் ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு வெறும் பையோடு திரும்புவதைப் பற்றிப் பேசுங்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

அந்திக்கிறிஸ்து யார்?

இந்தப் பெயர் யோவானின் நிருபங்களில் மட்டும்தான் வருகிறது, வெளிப்படுத்தின விசேஷத்தில் இல்லை. “இப்பொழுதும் அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்” என்று பன்மையில் சொல்கிறார் யோவான். வரலாற்றில் நீரோ, நெப்போலியன், ஹிட்லர் என்று எல்லோருக்கும் இந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது. லுத்தர் போப்பாண்டவரைச் சொன்னார். கலப்புக் கல்யாணப் பந்தியில் இதைக் கிளற வேண்டாம்.

தேதி சொல்கிறார்களே, அதில் ஒன்றாவது பலித்திருக்கிறதா?

ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்றார்கள். நமக்குப் பக்கத்துக் கேரளத்தில், கிறிஸ்தவரான ஒரு தமிழ்ப் பிராமணர் நடத்திய எழுப்புதல் கூட்டம் 1881ஐ எதிர்பார்த்தது, பிறகு அது யுயோமயம் என்று தனிச்சபையானது. இஸ்ரேல் பிறந்த 1948ஓடு ஒரு தலைமுறைக்கு 40 வருஷம் கூட்டி 1988 என்றார்கள். தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று நம்பி வேலையை விட்டவர்கள், சொத்தை விற்றவர்கள் ஏராளம். அதை அறிவித்த தலைவர் மோசடி வழக்கில் உள்ளே போனார். 2011 மே 21 வந்தது, போனது. 2025 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் சொன்ன தேதி போன் போனாகச் சுற்றி நம் ஊர் வரைக்கும் வந்தது.

“அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்” என்ற மத்தேயு 24:36க்கு மேல் விளக்கம் தேவையா?

சீக்கிரம் வருகிறார் என்றால் எதற்கு வீடு கட்டுவது, படிக்க வைப்பது?

தெசலோனிக்கேயிலும் இப்படி நினைத்து வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். இரண்டாம் நிருபத்தில் பவுல் எழுதிய பதில் கறாரானது: “ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது.” சம்பாவுக்கு விதை விடுங்கள். பயிர்க் காப்பீடும் செய்யுங்கள்.

பள்ளிவிட்டு வந்த பிள்ளை வீட்டில் யாரும் இல்லை என்றால் “நான் கைவிடப்பட்டேன்” என்று அழுகிறான். என்ன செய்வது?

இது நீங்கள் நினைப்பதைவிடச் சகஜம். கதவு திறந்திருக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, அம்மா இல்லை. அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிஷம் போதும். விடுமுறை வேதாகமப் பள்ளியில் தலைவெட்டுகிற உபத்திரவப் படம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்ட வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள், பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. பிள்ளையிடம் “ஒழுங்காக இல்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவார்” என்று சொல்வதை வீட்டிலும் நிறுத்துங்கள். 1 தெசலோனிக்கேயர் 5:10ஐ அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாம் விழித்திருந்தாலும் நித்திரையடைந்தாலும் அவரோடேகூட பிழைத்திருக்கும்படிதான் அவர் மரித்தார் என்று அங்கே இருக்கிறது.

எங்கள் சபையில் இதைப் பற்றி வேதபாடம் நடத்த ஆசை. எங்கே தொடங்குவது?

வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள். இரண்டு தெசலோனிக்கேயர் நிருபங்களும் சேர்த்து எட்டு அதிகாரம்தான், வாரம் ஒன்றாக முடித்துவிடலாம். அப்புறம் மத்தேயு 24, 25 இரண்டையும் சேர்த்தே படியுங்கள். பசியாயிருந்தவனுக்குச் சோறு போட்டாயா என்ற கேள்வி 25இல்தான் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தானியேல் அதற்குப் பின். நடவு முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு இருக்கிற மார்கழியில் வைத்தால் ஆள் வரும். பக்கத்துப் பெந்தெகொஸ்தே பாஸ்டரையும் ஒரு வாரம் கூப்பிடுங்கள், அவர் பக்கத்தை அவரே சொல்லட்டும். ப்ரொஜெக்டர் வேண்டாம்.